சீந்துவாரில்லாத வண்டி

மில்வாக்கியில், ரயில் பாலத்துக்குக் கீழே,
இழுத்துவந்த கார்களை அடைத்துவைக்கும் கொட்டடியில்
கணக்கெழுதுகிறவன் நான்.
பிப்ரவரியில் வண்டிகளுக்கெல்லாம் ஒரே நிறம்,
உப்புப் பூத்த சாம்பல்.
ஆனாலும் பெயரைப் பார்க்காமலே சொல்லிவிடுவேன்
இது அந்தக் கொரியாக்காரன் வண்டியென்று:
பின்பக்கத்துக் கண்ணாடி போயிருக்கும்,
இருக்கை முழுக்கக் கல்கண்டு சிதறியிருக்கும்,
சாவி நுழைகிற இடத்தில்
பல் பிடுங்கிய ஈறு மாதிரி ஒரு குழி.

இன்றைக்கு ஏழாவதாக வந்தவள் வாண்டா ஷிபில்ஸ்கி.
ராத்திரி வேலை நர்ஸ்.
"ரெண்டாவது தடவை" என்றாள்,
தன் சமையலை யாரோ மறுசோறு கேட்டு வாங்கியதைச்
சொல்வதுபோல.

தொண்ணூற்றொன்றில் முதல் வண்டி வாங்கினாளாம்.
புதுசு. மற்றவர்களின் பழசைவிட மலிவு.
கணவனின் அண்ணன் யூஜின்
ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில், எல்லோர் முன்னும்,
"சாவியை வண்டியிலேயே விட்டுட்டு வா வாண்டா,
ஒரு பய தொடமாட்டான்" என்பானாம்.
மேஜை குலுங்கும்.
இவளும் சிரிப்பாளாம்,
உருளைக்கிழங்கைக் கொஞ்சம் பலமாக மசித்தபடி.

அவன் வாய்முகூர்த்தம், அது துருப்பிடித்தது.
ஐந்தாவது குளிரில் கதவு கையோடு வந்தது.
அதை அவள் மறைக்கவில்லை.
இரண்டாவதை பத்து வருஷ உத்தரவாதத்துக்காக வாங்கினாள்.
காகிதத்தைப் பத்திரமாக வைத்திருந்தாள்,
ஒருநாள் பழுதாகட்டும், போய்ச் சண்டை போடலாம் என்று.
பழுதாகவே இல்லை.
அதில் இன்றுவரை அவளுக்கொரு குறை.
இது மூன்றாவது.
ஒரு லட்சத்து முப்பத்தேழாயிரம் மைல்.

போன வாரம் வந்த சூ ஹாங் வேறு மாதிரி பேசினார்:
"என் மாமன் பீர் குடிக்கிற மாதிரி
எஞ்சின் ஆயில் குடிக்குது.
இனி இந்தக் கம்பெனி வாசலை மிதிக்கமாட்டேன்."
டெல்ராய் ஹெயர்ஸ்டன்
தொலைந்துபோய்த் திரும்பிய நாயைப்போல
முகப்பைத் தட்டிக்கொடுத்துவிட்டுத்தான் ஏறினார்.
காப்பீட்டுக்காரர்கள் போனையே எடுப்பதில்லை.
நான் பஸ்ஸில் வருகிறவன்,
எனக்கு எந்தக் கம்பெனிமேலும் கருத்தில்லை.

ஆனால் யாரும் கூப்பிட்டு விசாரிக்காத சாட்சி ஒருவன் உண்டு:
ஒரே ஒரு ராத்திரிக்கு
இதன் உரிமையாளனாக இருந்தவன்.
அவன் எதுவும் எழுதிவைத்துப் போகவில்லை.
இருக்கை கடைசிவரை பின்னால் தள்ளியிருந்தது.
நெட்டையன் போல;
வாண்டாவின் கால் பிரேக்குக்கு எட்டவில்லை.
எண்பத்துநாலு மைல்.
மிதியடியில் ஏரிக்கரை மணல்.
இருக்கைச் சூடு உச்சத்தில்.
பொரித்த சீஸ் வாங்கிய காகிதப் பை,
நாலாக மடித்து, கதவிடுக்கில்.
ரேடியோவில் வேறு ஸ்டேஷன்.
பாவி, எங்காவது இடித்திருக்கலாம்.
இடிக்கவில்லை.

நூற்றைம்பது டாலர் கட்டினாள்,
தன் பொருளைத் தானே மீட்க.
போலீஸ் இலவசமாகத் தரும் ஸ்டியரிங் பூட்டை நீட்டினேன்,
மஞ்சள் நிறம்.
"இதோட மூணாச்சு" என்று வாங்கி
பின் இருக்கையில் எறிந்தாள்.

வெளியே மைனஸ் பதினாறு.
கட்டுத்துணி வெட்டும் கத்தரியைக்
கோட்டுப் பையிலிருந்து எடுத்து,
குழிக்குள் விட்டுத் திருகினாள்,
நரம்பு தேடிப் பழகிய கை.
முதல் இருமலிலேயே பிடித்தது.

கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினாள்.
"யூஜின் இப்ப முதியோர் இல்லத்துல இருக்கான்.
ஆளை அடையாளம் தெரியுற நாள் பாத்துப்
போய்ச் சொல்லணும்.
சாவி என் பையில இருந்துச்சு யூஜின்.
சாவி என் பையிலதான் இருந்துச்சு."

பின் ஜன்னலில் ஒட்டிய பிளாஸ்டிக் தாள் படபடக்க
கேட்டைத் தாண்டினாள்.
எனக்குத் தெரியாத ஏதோ பாட்டு, பெரும் சத்தத்தில்.
ஸ்டேஷனை அவள் மாற்றவில்லை.